பைன் சருகுத் தீ: கோடு போடுவதா, முன்னரே எரிப்பதா, அள்ளுவதா, மரத்தையே மாற்றுவதா?

உத்தராகண்டின் குமாவுன், கட்வால் மலைகளில் வேலை பார்க்கும் நம்மூர் இளைஞர்கள் சிலர் குளிர்காலம் வந்தால் கேட்கும் கேள்வி இது. ஊர்க் காட்டை ஊராரே பார்த்துக்கொள்ளும் வன பஞ்சாயத்தின் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, கோடைக்கு முன் கொஞ்சம் ஆள்பலமும் கிடைக்கும். பைன் காட்டில் தீ பரவாமல் இருக்க அதை எதில் செலவழிப்பது? கொடைக்கானல் பக்கம் பைன் தோப்பை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களும் இதையே வேறு மாதிரி கேட்கிறார்கள்.

பதிலாகச் சொல்லப்படும் வழிகள் நான்கு: தீத்தடுப்புக் கோடு, குளிர்காலத்தில் முன்கூட்டியே எரிப்பது, சருகை அள்ளி விற்பது, பைனை எடுத்துவிட்டு ஓக் போன்ற அகன்ற இலை மரங்களை வளர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் தீவிரமான ஆதரவாளர்கள் உண்டு. அடுத்தவர் வழியைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், காடு முழுவதற்கும் ஒரே வழி என்று தேடுவதில்தான் பணம் வீணாகிறது. தீ எங்கே பற்றுகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிரித்துச் செலவழிக்க வேண்டும்.

முதலில், சருகில் தீ எப்படி நடக்கிறது

இமயமலையின் சீர் பைன் மரத்தில் ஊசியிலைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து வளரும். நீளம் 20 முதல் 30 சென்டிமீட்டர். மார்ச்சிலிருந்து ஜூன் வரை, காற்றில் ஈரம் மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில்தான் இவை கொட்டுகின்றன. உள்ளூரில் இந்தச் சருகுக்குப் பெயர் பிரூல். உத்தராகண்டில் ஏறக்குறைய 4 லட்சம் ஹெக்டேரில் இந்த மரம் நிற்கிறது.

அகன்ற இலை தட்டையாக விழும். மழையில் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும். நீண்ட ஊசி அப்படிப் படியாது. குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து, நடுவில் நிறையக் காற்றை வைத்துக்கொள்ளும். ஊசி மெல்லியது என்பதால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும்: இரவுப் பனியில் நனைந்தது வெயில் ஏறிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். போதாததற்குப் பிசின்.

எரியும் ஊசி பக்கத்து ஊசியைச் சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் அதன் ஈரம் போக வேண்டும், பிறகு அது வாயுவை விட வேண்டும், அந்த வாயு பற்ற வேண்டும். தீ ஒரு விரற்கடை நகர்வதற்கு இவ்வளவும் நடந்தாக வேண்டும். சருகின் ஈரம் அதன் உலர் எடையில் 25, 30 சதவீதத்தைத் தாண்டினால் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகித் தீ தானாக அவிந்துவிடும். மே மாத மதியத்தில் ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

ஊசியின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்க வனத்துறை 1982இல் வெளியிட்ட எரிபொருள் மாதிரிகள் (தரையில் கிடப்பது என்ன என்பதை வைத்துத் தீயின் வேகத்தைக் கணிப்பவை) நல்ல சான்று. ஒரே காற்று, ஒரே வறட்சி. குட்டை ஊசிகள் நெருக்கமாகப் படிந்த தரையில் தீ மணிக்குச் சுமார் 30 மீட்டர் நகர்கிறது. நீண்ட ஊசிச் சருகில் சுமார் 150 மீட்டர். காய்ந்த குட்டைப் புல்லில் 1,500 மீட்டருக்கும் மேல். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது புல் சரிவில் ஓடிய தீ. மனிதர்கள் ஓடித் தப்ப முடியாத வேகம் அது. பைன் சருகு சமதரையில் அவ்வளவு வேகம் காட்டாது. ஆனால் தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்குப்படி, சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் இரட்டிக்கும். 30 டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு. மணிக்கு 150 மீட்டர், 1,200 மீட்டராகிவிடும். குமாவுனில் 30 டிகிரிச் சரிவு என்பது சாதாரணம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. தீ முனையின் உக்கிரத்தை அமெரிக்கத் தீ ஆய்வாளர் ஜார்ஜ் பைரம் 1959இல் எளிய பெருக்கலாகச் சொன்னார்: எரிபொருளின் வெப்ப அளவு, ஒரு சதுர மீட்டரில் கிடக்கும் சருகின் எடை, தீயின் வேகம். கிலோவுக்கு 18,000 கிலோஜூல், சதுர மீட்டருக்கு அரைக் கிலோ சருகு, மணிக்கு 150 மீட்டர் என்று போட்டால் தீ முனையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 375 கிலோவாட் வருகிறது. மண்வெட்டியும் பச்சைக் கிளையும் வைத்துக்கொண்டு முன்னால் நின்று அணைக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 350 கிலோவாட், அதாவது 1.2 மீட்டர் உயரச் சுவாலை. ஆக, சாதாரணச் சருகு, லேசான காற்று, சமதரை என்றாலே கைவேலையின் எல்லைக்கு வந்துவிடுகிறோம். சருகைப் பாதியாக்கினால் அதே தீ 190க்குக் கீழே இறங்கிவிடும், ஆள் கிட்டே போகலாம். சருகை அப்படியே விட்டுவைத்தால், சரிவு கூடிய இடத்தில் எத்தனை பேர் வந்தாலும் பயனில்லை.

எதை வைத்து எடைபோடுவது

இந்தக் கணக்கிலிருந்தே அளவுகோல்கள் வருகின்றன. சருகின் எடையும் தொடர்ச்சியும் எவ்வளவு குறைகிறது என்பது முதலாவது. குறைந்தது ஏப்ரல் முதல் ஜூன் வரை நிலைக்குமா, மேலே புதிதாகக் கொட்டிவிடுமா என்பது இரண்டாவது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். யாருடைய உழைப்பு, எந்த மாதத்தில் என்பது அடுத்தது. தவறினால் எவ்வளவு பெரிய தவறாகும், மண்ணுக்கும் புல்லுக்கும் என்ன ஆகும் என்பவையும் உண்டு.

கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது, ஊரின் சம்மதம். இமயமலைக் காட்டுத்தீயில் மின்னலின் பங்கு மிகச் சிறியது. கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் வைப்பது, கைதவறியோ வேண்டுமென்றோ. பிரிட்டிஷ் அரசு காட்டு உரிமைகளைப் பறித்தபோது 1921இல் குமாவுன் மக்கள் பைன் காடுகளைக் கொளுத்தினார்கள். அந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியாகத்தான் 1931இல் வன பஞ்சாயத்து விதிகளே வந்தன. இன்றும் பிரூல் மெத்தை புல்லை முளைக்கவிடாது, மாடுகள் அதில் கால் வழுக்கி விழும் என்பதால் மேய்ச்சலுக்காகத் தீ வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் புல்லுக்கு வேறு வழி சொல்லாத திட்டம் எதுவும் தாங்காது.

ஒன்றும் செய்யாமல், பற்றினால் அணைப்பது

இதையும் ஒரு தேர்வாக வைக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஊர்கள் உண்மையில் செய்வது இதுதான். இப்போது செயற்கைக்கோள் எச்சரிக்கை செல்பேசிக்கு வருகிறது. 2016, 2021, 2024 ஆண்டுகளில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஏரியிலிருந்து நீர் மொண்டு வந்து கொட்டின. படம் பிடிக்க நன்றாக இருக்கும். சருகின் எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது. 2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். இந்த வழியின் மறைமுகச் செலவு அது.

தீத்தடுப்புக் கோடு

சருகை ஒரு பட்டையாக மண் தெரியும்வரை விலக்கிவிட்டால் தொடர்ச்சி அறுகிறது, எரிய ஒன்றுமில்லை, தீ நிற்கிறது. காகிதத்தில் சரி.

மலையில் இதற்கு மூன்று எதிரிகள். கோடு போடும் பிப்ரவரிக்கும் தீ வரும் மே மாதத்துக்கும் நடுவில் சருகு கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு முறை பெருக்கிய கோடு சில வாரங்களில் மீண்டும் மெத்தையாகிவிடும். ஒப்பந்தத்தில் "ஒரு முறை சுத்தம் செய்தல்" என்று எழுதியிருந்தால் அந்தப் பணம் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது பைன் காய். எரியும் காய் சரிவில் உருண்டு கோட்டைத் தாண்டிக் கீழே போய் அங்கே புதிதாகப் பற்றவைக்கும். சரிவின் நடுவில் குறுக்கே போட்ட கோட்டை இது கேலிக்கூத்தாக்கிவிடும். கோட்டின் கீழ்ப்பக்கம் காயைப் பிடித்து நிறுத்த ஒரு குழியும் வரப்பும் இருந்தால்தான் ஏதோ பிரயோஜனம். மூன்றாவது, மேல்நோக்கி வரும் தீயின் சுவாலை சரிவோடு படுத்துக்கொண்டு வரும். இரண்டு மீட்டர் கோட்டை அது எட்டித் தொட்டுவிடும்.

அப்படியானால் கோடு வீணா? இல்லை, இடம் தெரிந்து போட வேண்டும். முகட்டில் போடுங்கள். மேலேறி வரும் தீ முகட்டில் இயல்பாகவே தளரும், எதிர்த்தீ (வரும் தீக்கு முன்னாலேயே சருகை எரித்துவிடுவது) வைக்கவும் அங்கே நிற்க இடம் கிடைக்கும். ஏற்கெனவே இருக்கும் சாலை, ஒற்றையடிப் பாதை, ஓடை எல்லாமே கோடுகள்தான். அவற்றை அகலப்படுத்துவது புதிதாக வெட்டுவதைவிட மலிவு. உச்சியிலிருந்து நேராகக் கீழே இறங்கும் கோடு மட்டும் வேண்டாம். ஜூலை மழையில் அது வாய்க்காலாகி, அடுத்த ஆண்டு பள்ளமாகிவிடும். இன்னொன்று, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்ட 1981இல் தடை வந்ததால் பழைய அகலமான கோடுகள் பலவற்றில் மரமே வளர்ந்துவிட்டது. வரைபடத்தில் கோடு இருக்கும், காட்டில் இருக்காது. நடந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

முன்கூட்டியே எரிப்பது

வனத்துறைக்காரர்கள் கன்ட்ரோல் பர்னிங் என்று சொல்வது. ஜனவரி, பிப்ரவரியில், மழையோ பனியோ பெய்து சில நாள் கழித்து, மேல் சருகு காய்ந்து அடிச்சருகு ஈரமாக இருக்கும்போது, முகட்டிலிருந்து கீழ்நோக்கித் தீயை இறக்குவார்கள். கீழ்நோக்கி இறங்கும் தீ தவழும். சுவாலை முழங்காலைத் தாண்டாது. மேல் அடுக்கு போய்விடும், மண்ணை மூடிய அடி அடுக்கு தங்கும். பெரிய பரப்பில் சருகின் எடையைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. சீர் பைனின் தடித்த பட்டை இந்தச் சூட்டைத் தாங்கும். புல்லும் நன்றாக வரும். ஊர் சம்மதம் எளிதில் கிடைக்கும்.

மறைமுகச் செலவுகளைப் பார்ப்போம். சூடு கொஞ்சம் கூடிவிட்டால் கீழ்க் கிளைகளின் ஊசிகள் கருகிச் சில வாரங்களில் கொட்டும். எரித்த இடத்திலேயே, தீக்காலம் தொடங்கும்போதே, புதுச் சருகு தயார். பைன் நிழலில் தலைதூக்கும் ஓக் கன்றுகள் செத்துப்போகும். ஆண்டுதோறும் எரித்தால் காடு இன்னும் சுத்தமான பைன் காடாக மாறும், அதாவது நாளைய சருகை நாமே விதைக்கிறோம். சட்டமும் இருக்கிறது: காப்புக்காட்டில் தீ வைப்பது 1927 இந்திய வனச் சட்டப்படி குற்றம், வனத்துறை முன்னின்று செய்தால் மட்டுமே இது வழி. எல்லாவற்றுக்கும் மேலே, குளிர்கால மழை பொய்த்தால் இந்த வாய்ப்பே இல்லை. 2020–21 குளிர்காலம் அப்படி வறண்டு, கோடைக்கு வெகு முன்பே காடுகள் பற்றின. அப்படிப்பட்ட ஆண்டில் "திட்டத்தில் இருக்கிறதே" என்று எரிக்கப் போவது மடத்தனம்.

பயிற்சி பெற்ற குழு, ஒத்துழைக்கும் வனத்துறை, ஈரமான குளிர்காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் உள்காட்டுக்கு இது முதல் தேர்வு. ஒன்று குறைந்தாலும் தள்ளிவைக்கலாம்.

அள்ளி எடுப்பது

கேட்க அழகான யோசனை. தீயும் குறையும், காசும் வரும். சருகை அழுத்தி எரிகட்டி செய்யலாம், வாயுவாக்கி மின்சாரம் எடுக்கலாம். 2018இல் உத்தராகண்ட் அரசு பிரூல் மின்சாரத்துக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. 2024 மே மாதம், முன்பு கிலோவுக்கு 2, 3 ரூபாயாக இருந்த விலையை 50 ரூபாயாக்குவதாக அறிவித்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ என்றால் ஹெக்டேருக்கு 5 டன். செங்குத்துச் சரிவில் ஒருவர் நாளுக்கு 100 கிலோ வாரிக் கட்டிச் சாலைவரை சுமந்து வருகிறார் என்று தாராளமாக வைப்போம். ஒரு ஹெக்டேருக்கு 50 ஆள்நாள். கிலோ 3 ரூபாய் என்றால் நாள் வரும்படி 300 ரூபாய். அந்தச் சுமைக்கு யாரும் வரமாட்டார்கள். 50 ரூபாய் என்றால் 5,000 ரூபாய், ஊரே வரும். ஆனால் 4 லட்சம் ஹெக்டேரில் 20 லட்சம் டன், அதற்குக் கிலோ 50 ரூபாய் என்றால் 10,000 கோடி. மாநிலத்தின் ஆண்டு பட்ஜெட்டே ஏறக்குறைய ஒரு லட்சம் கோடிதான். இந்த விலையை நம்பி எந்திரம் வாங்காதீர்கள், கடன் எடுக்காதீர்கள்.

மின்சாரக் கணக்கும் அப்படித்தான். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சருகு வேண்டும். 25 கிலோவாட் ஆலை ஒன்று நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓடினாலும் தின்பது 110 டன் சொச்சம். அது வெறும் 22 ஹெக்டேரின் சருகு. ஊருக்கு விளக்கெரிக்க நல்லது, காட்டைக் காக்க அது போதாது. ஆலையோ ஆண்டு முழுக்கச் சருகு கேட்கும். சருகு கிடைப்பது மூன்று மாதம். மீதி மாதங்களுக்குக் கூரை போட்ட கிடங்கில் சேர்த்துவைக்க வேண்டும். 110 டன் காய்ந்த பைன் சருகை ஓரிடத்தில் குவிப்பதன் அர்த்தம் புரிகிறதல்லவா?

உழைப்பு யாருடையது என்பதும் இங்கேதான் உறைக்கிறது. வாருவதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். சருகு கொட்டும் மாதங்கள்தான் கோதுமை அறுவடை மாதங்களும். மேலும், சருகை மண் தெரிய வழித்தெடுத்தால் முதல் மழைத்துளி நேராக மண்ணில் அடிக்கும்.

ஆனாலும் நான்கு வழிகளில் நான் முதலில் பணம் போடுவது இதில்தான், காட்டில் அல்ல, ஓரத்தில். சாலை, வயல், வீடு, பாதை ஆகியவற்றை ஒட்டி 20 மீட்டர் அகலத்துக்கு மட்டும் அள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அது 2 ஹெக்டேர், 100 ஆள்நாள். ஒரு வன பஞ்சாயத்தால் முடியும். தீ பற்றுவது பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான்: பீடித் துண்டு, வயல் சருகு எரிப்பது, சாலை வேலைக்காரர் அடுப்பு. அங்கே எரிபொருள் இல்லையென்றால் பொறி விழுந்தாலும் தீ நடக்காது. கூலியாகவே கொடுத்துவிடுங்கள், விற்று வந்தால் அது லாபம். ஏப்ரலில் ஒரு முறை, மே நடுவில் ஒரு முறை. அள்ளியதை மாட்டுக்கொட்டிலில் பரப்பினால் எருவாகும், அது அந்த ஊர்களின் பழைய வழக்கமும்கூட. அல்மோரா மாவட்டத்தின் ஷீதலாகேத் பக்கக் கிராமங்கள் இதோடு இன்னொன்றும் செய்கின்றன. வயல் வரப்பு எரிப்பையெல்லாம் மார்ச் முடிவதற்குள் முடித்துவிடுகிறார்கள். காசே செலவில்லாத வேலை.

மரத்தையே மாற்றுவது

பாஞ்ச் என்னும் இமயமலை ஓக் காட்டின் தரை ஈரமாக இருக்கும், இலை தட்டையாகப் படியும், தழை மாட்டுக்குத் தீவனமாகும். பைனைப் பழிப்பவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது, ஆனால் ஓக் நிழல் கட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை கன்றைத் தீயிலிருந்தும் ஆட்டிலிருந்தும் காப்பது யார்? வறண்ட தெற்குப் பார்த்த சரிவில், ஆயிரம் மீட்டருக்குக் கீழே, ஓக் நட்டால் பட்டுப்போகும். அங்கே பைன் நிற்பதற்குக் காரணமே வேறொன்றும் நிற்காததுதான். ஊற்றுக்கண், ஓடைக்கரை, வடக்குப் பார்த்த ஈரச் சரிவு ஆகிய இடங்களில் மட்டும் நடுங்கள், இல்லையென்றால் தானாக முளைத்த கன்றைச் சுற்றி வேலி போடுங்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் பிழைக்கிறது.

ஒரே பார்வையில்

| | சருகு குறைவது | நிலைப்பது | முக்கியச் செலவு | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| தீத்தடுப்புக் கோடு | பட்டையில் முழுதும், காட்டில் இல்லை | சில வாரம் | திரும்பத் திரும்பக் கூலி | முகடு, இருக்கும் சாலை, பாதை |
| முன்கூட்டி எரிப்பு | பெரும் பரப்பில் பாதிக்கு மேல் | அந்தப் பருவம், கருகல் இல்லாவிட்டால் | கைமீறும் ஆபத்து, ஓக் கன்று | உள்காட்டுப் பைன், ஈரக் குளிர்காலம் |
| அள்ளுவது | ஓரத்தில் ஏறக்குறைய முழுதும் | இரண்டு முறை அள்ளினால் பருவம் முழுதும் | பெண்களின் உழைப்பு, நிலையற்ற விலை | வயல், வீடு, சாலை ஓரம் |
| மர மாற்றம் | மெல்ல, நிரந்தரமாக | தலைமுறைகள் | காவல், பொறுமை | ஊற்று, ஓடை, வடக்குச் சரிவு |

கையில் உள்ளது 100 ரூபாய் என்றால் நான் பிரிப்பது இப்படி: ஓரச் சருகு அள்ள 60, முகட்டுக் கோட்டை இரண்டு முறை பெருக்க 20, ஊற்றைச் சுற்றி வேலிக்கு 10, குழுவுக்குக் காலணி, தண்ணீர்க் குடுவை, இலை ஊதும் கருவிக்கு 10. முன்கூட்டி எரிப்பதற்கு இதில் பங்கு வைக்கவில்லை. அது வனத்துறையின் செலவிலும் பொறுப்பிலும் நடக்க வேண்டியது. ஊர் ஆள் கொடுத்தால் போதும்.

கொடைக்கானல், நீலகிரிக்காரர்களுக்கு

உங்கள் பைன் வேறு. கொண்டுவந்து நட்ட மரம், பெரும்பாலும் மெக்சிகோவின் பட்டுலா இனம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர்வரை சருகை ஈரமாக வைத்திருக்கும். ஆபத்து ஜனவரி முதல் ஏப்ரல்வரை. உங்கள் தோப்பை அடுத்து புல்வெளி இருந்தால் கவலை பைனைப் பற்றியதாக இருக்கக் கூடாது. புல்லில் பிடித்த தீ பத்து மடங்கு வேகத்தில் வந்து சருகில் ஏறும், அதனால் புல்லும் தோப்பும் சந்திக்கும் ஓரத்தைத்தான் முதலில் வெட்ட வேண்டும். மரத்தை மாற்றும் யோசனை இமயமலையைவிட இங்கே நியாயமானது, ஏனென்றால் பைன் இந்த மண்ணின் மரமே இல்லை. ஆனால் ஒரேயடியாக வெட்டித் திறந்துவிட்டால் வெயில் விழும் இடத்தில் சீகை (வாட்டில்) மரமும் உண்ணிச்செடியும் முந்திக்கொள்ளும், அவையும் எரியும். ஓடையோரத்திலிருந்து தொடங்கிச் சிறு சிறு திட்டாக எடுங்கள். அதற்கும் முன் நிலம் யாருடையது, வெட்ட அனுமதி யார் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.